11110110 என்பது -118 இல்லை

8 பிட்டில், அதாவது 0, 1 என்ற எட்டு இலக்கங்களில், மைனஸ் எண்களையும் எழுத உதவும் டூஸ் காம்ப்ளிமென்ட் முறையில் எழுதிய 11110110-ஐப் பதின்ம எண்ணாக மாற்றச் சொன்னால் பலரும் -118 என்று எழுதிவிடுகிறார்கள். முதல் பிட் 1, சரி, மைனஸ். மீதி 1110110 என்பது 118. இரண்டையும் ஒட்டினால் முடிந்தது என்று நினைப்பு. குறியைத் தனியாகவும் அளவைத் தனியாகவும் வைக்கிற முறை ஒன்று உண்டு, அதில் இது சரிதான், ஆனால் இன்றைய கணினிகள் முழு எண்களை அப்படி வைப்பதில்லை. இங்கே விடை -10.

வகுப்பில் சொல்லித்தரும் வழி, முதல் பிட் 1 ஆக இருந்தால் பிட்டுகளைப் புரட்டிப்போட்டு (0-வை 1 ஆகவும், 1-ஐ 0 ஆகவும் மாற்றி) ஒன்றைக் கூட்டி, முன்னால் மைனஸ் போடுவது. அவசரத்தில் அந்த ஒன்று விட்டுப்போகும்: 00001001, அதாவது 9, விடை -9 என்று ஒன்று தள்ளி நிற்கும். இதைவிட மோசம், எதைக் கண்டாலும் புரட்டுவது. 01101001 தொடங்குவதே 0-வில், அப்படியே படித்தால் 105. அதையும் புரட்டிக் கூட்டி -151 என்று எழுதுகிறவர்கள் உண்டு. 8 பிட்டில் -128 முதல் 127 வரைதான் இடம் இருக்கிறது என்பது நினைவிருந்தால் அங்கேயே பேனா நின்றிருக்கும்.

எனக்குப் புரட்டும் வேலையே பிடிக்காது. இடது ஓரப் பிட்டின் மதிப்பு 128 இல்லை, -128, மற்றதெல்லாம் வழக்கம்போல. 11110110 என்றால் -128 + 64 + 32 + 16 + 4 + 2 = -10. கூட்டல் மட்டும்தான், மறப்பதற்கு எதுவும் இல்லை. 10000000 வந்தாலும் குழப்பமில்லை, நேரே -128. புரட்டிக் கூட்டினால் அதே 10000000 திரும்பி வரும், அதைப் பார்த்து மிரண்டு -0 என்று எழுதிவைப்பார்கள்.

அப்புறம், எத்தனை பிட் என்று கேட்காமல் தொடங்கவே கூடாது. 1010 என்பது 4 பிட்டில் -6, 8 பிட்டில் 10. அந்த -6-ஐ 8 பிட்டுக்கு நீட்டும்போது இடப்பக்கம் சுழியங்களைப் போட்டால் அது 10 ஆகிவிடும். குறிப் பிட்டையே, அதாவது குறியைக் காட்டும் அந்த முதல் பிட்டையே, திரும்பத் திரும்பப் போட்டு 11111010 என்று எழுத வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியில் சரிபார்க்கிறேன் என்று போனால் இன்னொரு குழி. 11110110-ஐ இரும எண் என்று சொல்லி முழு எண்ணாக மாற்றித்தரும் இன்ட் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 246 என்றுதான் வரும், ஏனென்றால் குறிப் பிட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. முதல் பிட் 1 ஆக இருந்தால் மட்டும் நீங்களே 256-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், 16 பிட் என்றால் 65536-ஐ.