நான்காண்டுக் கணக்கு: பெருநகரத் தனியார் பல்கலைக்கழகங்களின் செலவை ஒப்பிடும் முறை

சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள தனியார் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் பலர், முதலாண்டுக் கல்விக் கட்டணத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். சேமிப்பைக் கரைப்பவை பெரும்பாலும் அந்தத் தாளில் இடம்பெறாத செலவுகளே. ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு தனித்தாள் எடுத்து, நான்கு ஆண்டுகளுக்கும் நான்கு கட்டங்கள் போட்டு, கடைசி ஆண்டு வரை கையிலிருந்து போகும் மொத்தத் தொகையைக் கணக்கிடுங்கள்.

முதலில் கல்விக் கட்டணம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்ற சுயநிதிக் கல்லூரிகளுக்கு மாநில அரசின் கட்டண நிர்ணயக் குழு உச்சவரம்பு வைக்கிறது. விஐடி, எஸ்ஆர்எம் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் (பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தனி நிறுவனங்கள்) அந்தக் குழுவின் வரம்புக்குள் வருவதில்லை. அதனால் அங்கே பாடப்பிரிவுக்கு ஒன்று, நுழைவுத்தேர்வுத் தரவரிசைக்கு ஒன்று என்று கட்டணம் மாறும். விஐடி தன் நுழைவுத்தேர்வுத் தரவரிசையை வைத்துக் கட்டணத்தைப் பல பிரிவுகளாக வகுத்திருப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விளம்பரத்தில் உள்ள மிகக் குறைந்த தொகையை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளையின் தரவரிசைக்கு எந்தப் பிரிவு கிடைக்குமோ அந்தத் தொகையையே தாளில் எழுதுங்கள்.

ஆண்டுதோறும் கட்டணம் உயருமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய் என்றால் நான்காண்டுக்கு 10 லட்சம் என்று நினைப்போம். ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்ந்தால் அது ஏறத்தாழ 10.78 லட்சமாகிவிடும். தேர்வுக் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் காப்புத்தொகை ஆகியவற்றைக் கல்விக் கட்டணத்தோடு சேர்க்காமல் தனி வரிகளில் எழுதுவது நல்லது.

இவற்றுக்குப் பக்கத்திலேயே, அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் கிடைக்கக்கூடிய ஒரு கல்லூரிக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை (கல்விக் கட்டணக் குறைப்பு) கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு இந்த ஒரு வரி ஒப்பீட்டையே தலைகீழாக மாற்றக்கூடும்.

அடுத்து, வளாகம் இருக்கும் இடம். பெயரளவில் சென்னை என்று சொல்லப்படும் வளாகங்கள் பல நகருக்கு வெளியே உள்ளன. எஸ்ஆர்எம் செங்கல்பட்டு மாவட்டத்தின் காட்டாங்குளத்தூரில் இருக்கிறது. விஐடியின் சென்னை வளாகம் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இருக்கிறது. முதலாவதற்குப் பொத்தேரி ரயில் நிலையம் வாசலிலேயே இருப்பதால், தாம்பரம் பக்கம் வீடு உள்ளவர்கள் மாணவர் சலுகை சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வர முடியும். ரயில் பாதை இல்லாத வளாகத்துக்கு அந்த வசதி கிடையாது. கல்லூரிப் பேருந்துக் கட்டணத்தையோ விடுதிக் கட்டணத்தையோ தவிர்க்க முடியாது.

விடுதியையும், வெளியில் மாதக் கட்டணத்துக்குத் தங்கும் பிஜியையும் ஒப்பிடும்போதுதான் பலர் தவறிவிடுகிறார்கள். விடுதிக் கட்டணம் எத்தனை மாதங்களுக்கு, மெஸ் கட்டாயமா, ஏசி அறைக்கு மின்கட்டணம் தனியா என்று கேட்டறியுங்கள். பிஜியில் மாதம் 9,000 ரூபாய் என்றால், கோடை விடுமுறையில் பிள்ளை ஊருக்கு வந்துவிட்டாலும் இடத்தைத் தக்கவைக்க 12 மாதமும் கொடுக்க வேண்டியிருக்கலாம். அப்போது ஆண்டுக்கு 1.08 லட்சம் ஆகும். நண்பர்கள் சேர்ந்து வீடு எடுப்பதென்றால், பெங்களூரில் பத்து மாத வாடகை வரை முன்பணம் கேட்கும் வழக்கம் உண்டு. அது திரும்பி வரும் பணம்தான் என்றாலும், சேர்க்கை நடக்கும் அதே மாதத்தில் கையில் இருக்க வேண்டும்.

ஊருக்கு வந்துபோகும் செலவையும் விடாமல் எழுதுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆம்னி பேருந்துக் கட்டணம் எப்படி ஏறும் என்பது மதுரைக்காரர்களுக்கும் நெல்லைக்காரர்களுக்கும் தெரியும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுவதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கடன் வாங்குவதானால் வட்டியும் செலவுதான். ஆண்டுக்கு 2.5 லட்சம் வீதம் நான்கு முறை, 10 சதவீதத் தனிவட்டியில் வாங்கி, படிப்பு முடிந்து ஓராண்டு வரை எதுவும் கட்டாமல் விட்டால், வட்டி மட்டும் 3.5 லட்சம் சேர்ந்துவிடும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டிவர முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் கிடைக்க வழியுண்டு. ஆனால் நீங்கள் தேர்ந்த நிறுவனம் அதன் பட்டியலில் இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

இடம் பிடித்துவைக்கக் கட்டும் தொகையிலும் கவனம் தேவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்குக் குறைந்தது 15 நாட்கள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். நடைமுறைச் செலவுக்கென்று செய்யும் பிடித்தம் கட்டணத்தில் 5 சதவீதத்தையும் 5,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. இறுதி நாள் கடந்து 30 நாட்களுக்கு மேல் ஆகிவிட்டால் காப்புத்தொகை தவிர வேறெதுவும் கிடைக்காது. சில ஆண்டுகளில் குழு இதைவிடத் தாராளமான கெடுவையும் அறிவித்திருக்கிறது என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். கட்டிய ஒவ்வொரு ரசீதையும் கோப்பில் வையுங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அவற்றை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ள அதே விதி அனுமதிப்பதில்லை.