மலையை வரையப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தாள் காற்றில் பறப்பது, தண்ணீர்க் குப்பி கவிழ்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். நாங்கள் ஒரு காலத்தில் செய்ததையே புதியவர்கள் அச்சுப் பிசகாமல் செய்கிறார்களே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கைபேசிப் படத்தை நம்புவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மேலே ஏறுவார்கள், நாலு பக்கமும் படம் எடுப்பார்கள், இறங்கிவிடுவார்கள். அப்படி வந்த ஒருவர் தன் பெரிய கேன்வாஸைக் காட்டினார். நேரில் அண்ணாந்து பார்க்க வைத்த சிகரம் அதில் ஒரு மேடாகக் குறுகியிருந்தது. முன்னால் கிடந்த பாறைகள் பாதி இடத்தைப் பிடித்திருந்தன. பள்ளத்தாக்கு முழுக்கக் கறுப்பு.

"நிழல் ஏன் இவ்வளவு கறுப்பு?"

"போட்டோவில் அப்படித்தான் இருக்கு சார்."

வாரக்கணக்கான உழைப்பு, வண்ணம், துணி எல்லாம் போச்சு.

கைபேசியின் வழக்கமான லென்ஸ் அகலக்கோணம். நிறைய அடக்கப் பார்ப்பதால் தொலைவில் இருப்பது சிறுத்துவிடும். பனியின் பளபளப்பையும் நிழலின் ஆழத்தையும் ஒருசேரப் பிடிக்கவும் திணறும். வானத்தின் வெளிச்சம் விழுவதால் அந்த நிழலுக்குள் நம் கண்ணுக்கு நீலமும் ஊதாவும் தெரியும். படத்தில் அது அடைத்துப்போகும்.

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் திரும்பத் திரும்ப வரைந்த, தென் பிரான்சிலுள்ள சேன்-விக்துவார் மலை 1,011 மீட்டர்தான். அதே இடங்களிலிருந்து எடுத்த புகைப்படங்களில் அடக்கமாகத் தெரிகிற மலை, அவருடைய பல ஓவியங்களில் ஓங்கி நிற்கிறது.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு முன் உள்ளங்கை அளவில் ஒரு பென்சில் வரைவு போடுங்கள். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, சிகரம் முன்னாலுள்ள மரத்தைப் போல எத்தனை மடங்கு என்று அளந்து குறியுங்கள். நிழலின் மேலேயே 'நீலம், கொஞ்சம் ஊதா' என்று எழுதிவையுங்கள். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் 1802-இல் ஆல்ப்ஸ் போனபோது குறிப்பேடுகளைத்தான் நிரப்பினார். எண்ணெய் ஓவியமெல்லாம் ஊர் திரும்பிய பிறகு.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே அழுத்தம்

இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறி நீலமாகும். அங்கே மரம் மரமாக வரைந்தால் அது முன்னால் வந்து நிற்கும். வெண்பனி மட்டும் விலக்கு: தூரம் கூடக் கூட லேசாக மஞ்சள் தட்டும்.

வெளிச்சத்தைத் துரத்துவது

சூரியன் மணிக்கு 15 பாகை நகரும், நிழலும் கூடவே நகரும். நிழலின் எல்லையை முதலில் குறித்துவிடுங்கள். அப்புறம் அதில் கை வைக்காதீர்கள்.

மலைத்தொடர் முழுவதையும் ஒரே தாளில் அடைப்பது

வேண்டாம். ஒரு சிகரம் போதும்.