வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும்: மென்பொருளைக் கொண்டு வரிப் படிவத்தை நாமே தயாரிக்கும் முறை

வரிப் படிவம் நிரப்பும் மென்பொருள் கூட்டல் கழித்தலில் தவறுவதில்லை. எந்த வருமான அடுக்குக்கு எந்த விகிதம் என்பதும் அதில் சரியாகப் பதிந்திருக்கும். ஆனால் ஒரு செலவு வீட்டுக்குரியதா தொழிலுக்குரியதா என்பதை நாம் சொன்னாலன்றி அது அறியாது. ஆகவே, தம் பெயரிலேயே சிறுதொழில் நடத்திக்கொண்டு குடும்பத்தின் வரியையும் சேர்த்துக் கணக்கிடுகிற ஒருவருக்கு, மென்பொருளைத் திறப்பதற்கு முன் உள்ள வேலையே பெரியது.

முதலில் மென்பொருளின் பொருத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரி ஆண்டு நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, பிரிட்டனில் ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, அமெரிக்காவில் பெரும்பாலானோருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. விகிதங்களும் விதிகளும் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், சென்ற ஆண்டுப் பதிப்பு இந்த ஆண்டுக்கு உதவாது. இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும் பதிப்புகளில் சில, சம்பளக்காரர்களுக்கு மட்டுமே உரியவை. பாதித் தகவல்களைப் பதிந்த பிறகு தொழில் வருமானத்துக்கான பகுதி இல்லையென்று தெரிந்தால் உழைப்பு வீணாகும் என்பதால், அதை முன்னதாகவே உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடுத்தது வங்கிக் கணக்கு. தொழிலுக்கெனத் தனிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. ஒரே கணக்கில் இரண்டும் ஓடியிருந்தால், ஆண்டு முழுவதற்குமான வங்கி அறிக்கையை விரிதாளில் இறக்கி, ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே வீடு, தொழில், இரண்டுக்கும் பொது, வெறும் பணமாற்றம் என்று குறித்துக்கொண்டே வரவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதை முழுமையாகச் செய்தவருக்குப் பின்னால் வரும் எந்தக் கேள்விக்கும் விடை கையிலிருக்கும்.

இந்தப் பிரிப்பில்தான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன. வங்கியிலிருந்து வாங்கிய கடன் கணக்கில் வரவாகத் தெரிந்தாலும் அது வருமானமன்று. நாமே தொழிலில் போட்ட முதலும் அப்படியே. கடன் தவணையில் அசல் செலவாகாது, தொழில் கடனுக்கான வட்டி மட்டுமே பொதுவாகச் செலவாகும். ஆகவே கடன் கொடுத்தவரிடமிருந்து அசலையும் வட்டியையும் பிரித்துக் காட்டும் ஆண்டுச் சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தனிநபர் தொழிலில் உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணம் ‘எடுப்பு’ எனப்படும். மாதாமாதம் அதைச் சம்பளம் போல எடுத்தாலும் இலாபத்திலிருந்து கழிக்க முடியாது. வாடிக்கையாளர் அட்டை மூலமோ செயலி மூலமோ செலுத்தும்போது, இடையிலுள்ள நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியையே வங்கிக்கு அனுப்பலாம். அப்படி 1,000 வசூலாகி 980 வந்து சேர்ந்தால், 1,000 விற்பனையாகவும் 20 செலவாகவும் பதிய வேண்டும். இலாபம் மாறாதுதான், ஆயினும் அந்த நிறுவனம் முழு விற்பனையையும் வரித்துறைக்குத் தெரிவித்திருந்தால், 980 என்ற எண் அதனோடு பொருந்தாமல் விளக்கம் கேட்டுக் கடிதம் வரக்கூடும்.

வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவான செலவுகளுக்கு, விளக்கிச் சொல்லக்கூடிய ஓர் அளவுகோல் தேவை. 80 சதுர மீட்டர் வீட்டில் 12 சதுர மீட்டர் அறை தொழிலுக்குப் பயன்பட்டால், பரப்பளவின்படி வாடகையிலும் மின்கட்டணத்திலும் 15 சதவீதம் தொழிலின் பங்கு. வண்டிக்கு, ஓடிய தூரம்தான் அளவுகோல்; தேதி, போன இடம், காரணம், தூரம் ஆகியவற்றை அன்றன்றே குறித்த ஏடு, ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதும் மதிப்பீட்டைவிட மிகவும் வலுவான ஆதாரம். அறை தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்ற நிபந்தனை சில நாடுகளில் உண்டு; உண்மைச் செலவுக்குப் பதிலாக ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் எளிய முறையும் சில இடங்களில் உண்டு. பல மென்பொருள்கள் இரண்டையும் கணக்கிட்டுக் காட்டும் என்பதால், ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவு செய்யலாம்.

கணினி, இயந்திரம், மேசை நாற்காலி போலப் பல ஆண்டுகள் உழைக்கும் பொருள்களைச் சாதாரணச் செலவோடு சேர்க்காமல், விலையைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கழிக்கும் தேய்மானப் பகுதியில் தனியே பதிய வேண்டும். வாங்கிய தேதி, பயன்பாட்டுக்கு வந்த தேதி, விலை, தொழிலுக்குப் பயன்படும் விகிதம் ஆகியவற்றை மென்பொருள் கேட்கும். இங்கே பதிவது அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும் என்பதால், சிறிய கட்டண வேறுபாட்டுக்காக ஆண்டுதோறும் மென்பொருளை மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், மீதமுள்ள தேய்மான மதிப்பையும் முன்னாண்டுகளிலிருந்து கொண்டுவரப்படும் நட்டத்தையும் பழைய படிவத்தைப் பார்த்துப் புதியதில் நாமே சரிபார்க்க வேண்டும். சரக்கு வைத்து விற்பவர்கள் ஆண்டின் கடைசி நாளன்று இருப்பை எண்ணி எழுத வேண்டும்: தொடக்க இருப்பு 40,000, கொள்முதல் 2,10,000, இறுதி இருப்பு 65,000 என்றால், விற்ற சரக்கின் அடக்கம் 1,85,000.

தகவல்கள் தயாரானதும், தொழில் பகுதியை முதலில் முடித்துவிட்டு வீட்டுப் பகுதிக்கு வருவதே சிறந்த வரிசை. தனிநபர் தொழிலின் இலாபம் உரிமையாளரின் மொத்த வருமானத்தில் சேர்கிறது. சில கழிவுகளுக்கும் சலுகைகளுக்கும் தகுதி அந்த மொத்தத்தைப் பொறுத்தே அமைகிறது. சம்பளம், வங்கி வட்டி, பிடித்தம் செய்யப்பட்ட வரி போன்றவை வரித்துறையின் பதிவிலிருந்து தானாகவே நிரம்பியிருந்தால், அவற்றையும் நம்மிடமுள்ள சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால், அந்தத் தகவலை அனுப்பிய நிறுவனத்திடம் கேட்டுத் திருத்தச் சொல்வதே முறை.

அனுப்புவதற்கு முன், கேள்வி பதில் திரைகளை விட்டுவிட்டு, உருவான படிவத்தையே முதலிலிருந்து இறுதிவரை படிக்க வேண்டும். சென்ற ஆண்டுப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரிதும் மாறிய ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் தெரிகிறதா என்று பார்த்தால், ஒரு பூஜ்யம் கூடியதும், ஒரே ரசீது இருமுறை பதிந்ததும் உடனே கண்ணில் படும். அந்த ஆண்டில் சொத்து விற்றவர்களும், தொழிலில் கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டவர்களும், இரு நாடுகளில் வருமானம் உள்ளவர்களும் இந்தக் கட்டத்தில் கணக்காளர் ஒருவரிடம் காட்டிவிடுவது பாதுகாப்பானது.

அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் மின்வழித் தாக்கலுக்குப் பின் 30 நாட்களுக்குள், அனுப்பியது நாமே என்று உறுதிப்படுத்தும் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். சரிபார்க்கப்படாத படிவம் செல்லாது. ஒப்புகைச் சீட்டு, படிவத்தின் பிடிஎஃப், மென்பொருளின் தரவுக் கோப்பு மூன்றையும் கணினிக்கு வெளியே ஓரிடத்திலும் சேமிக்க வேண்டும். வெப்பத் தாளில் அச்சான ரசீதுகள் நாளடைவில் வெளிறிவிடும் என்பதால், வாங்கிய வாரத்திலேயே படமெடுத்து வைப்பது நல்லது. ஆவணங்களை ஆஸ்திரேலியாவில் பொதுவாக 5 ஆண்டுகளும், அமெரிக்காவில் பெரும்பாலான நிலைகளில் 3 ஆண்டுகளும் வைத்திருக்கச் சொல்கிறார்கள்; தேய்மானம் கழித்துவரும் பொருளின் ரசீதை மட்டும், அப்பொருள் கணக்கிலிருந்து நீங்கிய பிறகும் அந்தக் கால அளவு முடியும் வரை வைத்திருக்க வேண்டும்.