மல்லாட்டை இலைப்புள்ளியும் செர்கோஸ்போராவும்: வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடியில் விதைத்த மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைகளில், ஆவணி புரட்டாசி வாக்கில் இலையெல்லாம் புள்ளி விழுந்து நிற்கும். அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் பூஞ்சை சேகரிக்கப் போகும் தாவரவியல் மாணவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். இந்தப் புள்ளி நோயை டிக்கா நோய் என்று படித்திருப்பதால், இலையைப் பறித்த கையோடு ‘செர்கோஸ்போரா’ என்ற பூஞ்சைப் பேரினத்தின் பெயரைச் சீட்டில் எழுதிவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது.

டிக்கா என்பது ஒரே பூஞ்சை அல்ல, இரண்டு. முன்பருவப் புள்ளியை உண்டாக்குவது ஒன்று, பின்பருவப் புள்ளியை உண்டாக்குவது இன்னொன்று. புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் முன்பருவம், இல்லாவிட்டால் பின்பருவம் என்று மனப்பாடம் செய்துவைத்திருப்போம். ரகத்தையும் வானிலையையும் பொறுத்து வளையம் இரண்டிலும் வரும், இரண்டிலும் வராமலும் போகும். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கறுத்து, பூஞ்சையின் வித்துக் கொத்துகள் வட்டம் வட்டமாக இருந்தால் பின்பருவம். முன்பருவப் பூஞ்சை பெரும்பாலும் மேல்பக்கம்தான் வித்து விடும்.

பறித்த இலையைப் பாலித்தீன் பையில் அடைக்காதீர்கள். ஈரத்தில் ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் போன்ற வேறு பூஞ்சைகள் புள்ளிமேல் ஏறிக்கொள்ளும். அப்புறம் அவற்றின் வித்தைத்தான் அளந்துகொண்டிருப்போம். பழைய செய்தித்தாளே போதும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு ஆய்வகத்தில் நடப்பது, அதுவும் நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டது. எந்தப் பூஞ்சையானாலும் ஸ்லைடில் லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு. வித்து அழகாக நீலமாகத் தெரியும். ஆனால் செர்கோஸ்போராவையும் அதன் உறவுப் பூஞ்சைகளையும் பிரிக்கும் முதல் அடையாளமே வித்தின் சொந்த நிறம். அசல் செர்கோஸ்போராவின் வித்து நிறமற்றது, ஊசிபோல் நீண்டது. பின்பருவப் பூஞ்சையின் வித்து குட்டையாக, தடித்து, ஆலிவ் பழுப்பாக இருக்கும். சாயம் போட்டபின் எதுவும் நீலம்தான். நானும் மாணவனாக இருந்தபோது ஒரு பருவம் முழுக்க இப்படியே பார்த்துவிட்டு, எல்லா ஸ்லைடையும் திரும்பப் போட்டேன். முதலில் தண்ணீரிலோ லாக்டிக் அமிலத்திலோ வைத்துப் பாருங்கள், வரையுங்கள். சாயம் பிறகு.

அடுத்தது தழும்பு. வித்து காம்பிலிருந்து கழன்ற இடம் தடித்துக் கறுத்திருந்தால் செர்கோஸ்போரா அல்லது அதன் உறவுப் பேரினமான பாசலோரா பக்கம். தடிப்பே இல்லையென்றால் இன்னொரு உறவுப் பேரினமான சூடோசெர்கோஸ்போராவாக இருக்கலாம். 40 மடங்கு லென்ஸில் இது பிடிபடாது. எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸில் பொறுமையாகத் தேட வேண்டும். நான்கு வித்தை அளந்து நிறுத்தாமல் முப்பதாவது அளக்க வேண்டும். ஈரப்பதம் கூடினாலே வித்து நீண்டுவிடும்.

செடியை வைத்துச் சிற்றினத்துக்குப் பெயரிடுவதும் பழைய பழக்கம். 1863இல் நிறுவப்பட்ட செர்கோஸ்போராப் பேரினத்தில் 1954இல் சப் என்பவர் 1,419 சிற்றினங்களை ஏற்றார். 2003இல் குரூஸும் பிரௌனும் சரிபார்த்தபோது 659தான் தேறின. அவற்றைத் தவிர இன்னும் 281 பெயர்களை செர்கோஸ்போரா ஏபியை என்ற சிற்றினத்திலிருந்து தோற்றத்தால் பிரிக்க முடியவில்லை. புதுச் செடியில் கிடைத்ததாலேயே அது புதுச் சிற்றினம் ஆகிவிடாது.

சரி, டி.என்.ஏ. பார்த்துவிட்டால் தீர்ந்ததா? பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியை மட்டும் பார்த்தால் தீராது. செர்கோஸ்போராவுக்குள் பல சிற்றினங்களுக்கு அது ஒன்றாகவே இருக்கும். ஆக்டின், கால்மோடுலின், ஹிஸ்டோன் மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பெயர். பின்பருவப் பூஞ்சைக்கு 1875இல் கிளாடோஸ்போரியம் பெர்சோனேட்டம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு செர்கோஸ்போரா, செர்கோஸ்போரிடியம், பியோஐசாரியாப்சிஸ் என்று மாறி, 2017இல் நோத்தோபாசலோரா ஆனது. முன்பருவப் பூஞ்சையைச் செர்கோஸ்போரா அராக்கிடிகோலா என்றே பலரும் எழுதுகிறார்கள், பாசலோராவில் வைப்பவர்களும் உண்டு. இந்தப் பூஞ்சைகளின் பாலினப் பெருக்கப் பருவத்துக்கு மைக்கோஸ்பெரெல்லா என்று தனிப்பெயர் தருவதை 2011 மெல்போர்ன் தாவரவியல் மாநாடு முடித்துவைத்தது. ஆகவே சீட்டில் இப்போதைய பெயரோடு பழைய பெயரையும், ஊர், தேதி, இலையின் எந்தப் பக்கம் வித்து இருந்தது என்பதையும் எழுதி, காய்ந்த இலையையும் கூடவே வைத்துவிடுங்கள். பெயர் மறுபடி மாறினாலும் இலையைத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.