மேசையைத் தட்டினால் தெரியும் ஸ்பின்: தங்கக் கம்பியில் 12,906 ஓம் அளப்பது எப்படி

இரண்டு தங்கக் கம்பிகளைத் தொடவைத்துப் பிரித்தால், அறுபடும் கடைசி நொடியில் நடுவே சில அணுக்களாலான கழுத்து மட்டும் மிஞ்சும். அதன் மின்கடத்தல் சறுக்கிக்கொண்டு குறையாது, படிப்படியாக இறங்கும். ஒரு படி 77.48 மைக்ரோசீமன்ஸ், தடையாகச் சொன்னால் 12,906 ஓம். எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தை பிளாங்க் மாறிலியால் வகுத்தால் இதில் பாதிதான் வரும். ஸ்பின் என்பது எலக்ட்ரானின் தற்சுழற்சிப் பண்பு, அதற்கு மேல், கீழ் என இரண்டே நிலை. கழுத்தில் எலக்ட்ரான் கடக்கும் ஒவ்வொரு பாதையிலும் இரண்டு ஸ்பின்னுக்கும் இடம் உண்டு என்பதால்தான் அது இரட்டிக்கிறது.

1988-ல் காலியம் ஆர்சனைடில் இந்தப் படிகளை முதலில் கண்டவர்களுக்குக் கடுங்குளிர் தேவைப்பட்டது. அங்கே எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 40 நானோமீட்டர். தங்கத்தில் அது அரை நானோமீட்டர்தான். அதனால் தங்கத்தில் பாதைகளுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளி எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கும். அறை வெப்பத்தின் 0.025 எலக்ட்ரான்வோல்ட் அதைக் கலைக்காது. ஆகவே நாகர்கோவில் வெயிலிலும் இதைச் செய்யலாம்.

கம்பி 24 காரட்டாக இருக்க வேண்டும். நகைக்கான 22 காரட்டில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் படிகள் தெளிவாக வராது. கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் வடசேரியில், கம்பி இழுக்கத் தெரிந்த பொற்கொல்லரிடம் 0.25 மில்லிமீட்டர் தடிமனில் 10 சென்டிமீட்டர் கேளுங்கள். எடை 95 மில்லிகிராம்தான். கம்பி இழுக்கும்போது ஒட்டிய எண்ணெய் போக அசிட்டோனிலும், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் கழுவுங்கள். அதன்பின் இடுக்கியால் மட்டுமே தொட வேண்டும். தங்கம் துருப்பிடிக்காது என்று அசட்டையாக இருக்காதீர்கள். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள ஊர் இது. விரலின் உப்போ காற்றின் உப்போ ஈரத்தோடு படலமாகப் படிந்தால் அளவு கெட்டுப்போகும். அளக்கும் நாளிலேயே கழுவுவது நல்லது.

ஒரு கம்பியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். இன்னொன்றை ஹாக்சா பிளேடின் நுனியில், நடுவே காப்புத்தாள் வைத்து, முதல் கம்பிக்குக் குறுக்காக வரும்படி ஒட்டுங்கள். பிளேடை ஒரு எம்3 திருகால் அழுத்தி, கம்பிகள் பட்டும் படாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு மேசையை விரலால் தட்டினால் போதும், தொடர்பு அறுந்து அறுந்து சேரும்.

மின்சுற்றில் கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான்: மின்னழுத்தம் தரும் பக்கத்தின் தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். 1.5 வோல்ட் செல்லுக்கு 300 ஓம், 10 ஓம் தடைகளைத் தொடராக வைத்துப் பிரிப்பான் போட்டால், 10 ஓமின் குறுக்கே சுமார் 48 மில்லிவோல்ட் கிடைக்கும். அதை ஒரு கம்பிக்குக் கொடுங்கள். 10 ஓமுக்குப் பதில் 1 கிலோஓம் அளவில் போட்டுவிட்டால் மேல்படிகள் நெருங்கி, கணக்கு தப்பும். செல்லின் நேர்முனையையும் 10 ஓமின் ஒரு முனையையும் தரையோடு (சுற்றின் பொதுப்புள்ளியோடு) இணையுங்கள். அப்போதுதான் வெளியீடு நேர்ப்பக்கம் வரும். மறு கம்பி டிஎல்071 என்னும் ஆப்-ஆம்பின் (பெருக்கிச் சில்லின்) 2-ஆம் காலுக்குப் போகட்டும். அந்த இணைப்பு 3 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 3-ஆம் கால் தரைக்கு. 2-க்கும் வெளியீடான 6-க்கும் நடுவே 100 கிலோஓம், அதோடு இணையாக 10 பிகோஃபாரட் மின்தேக்கி. ஆப்-ஆம்புக்கு மின்சாரம் இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலிருந்து, அவை சேரும் நடுப்புள்ளிதான் தரை. எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் வைத்து டின்னைத் தரையோடு இணைத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலையும் சாத்துங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் இது இன்னும் அவசியம்.

தங்கத்தை இணைப்பதற்கு முன், அதன் இடத்தில் 12 கிலோஓமும் 910 ஓமும் தொடராக வையுங்கள். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். வெளியீடு 0.37 வோல்ட் அளவில் வர வேண்டும். அதுதான் உங்கள் ஒரு படி.

வெளியீட்டைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை ஒற்றைத் தூண்டலில் வைத்து, தூண்டல் இறங்குமுகத்தில் 0.9 வோல்ட், கட்டத்துக்கு 20 மைக்ரோநொடி, 0.5 வோல்ட் என்று தொடங்குங்கள். படியே இல்லாமல் வளைந்து இறங்கினால் மின்தேக்கி பெரிதாகிவிட்டது: 100 பிகோஃபாரட் போட்டால் 10 மைக்ரோநொடிக்குள் நடப்பதெல்லாம் மழுங்கிப்போகும். முதல் படிக்குக் கீழே கோடு அலைந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் அழுக்குதான். கம்பிகளைச் சில முறை அழுத்திப் பிரித்துப் பாருங்கள், தீராவிட்டால் மறுபடி கழுவுங்கள். ஐந்து படிக்கு மேல் உள்ளதை நம்ப வேண்டாம், ஆப்-ஆம்ப் உச்சத்திலிருந்து மீண்டுவரும் நேரம் அது.

ஒரு தட்டலில் ஒரு படி அளவின் 1.7 மடங்கில் கோடு நின்றால் அது பிழையல்ல. எல்லாப் பாதையும் எலக்ட்ரானை முழுதாகக் கடத்துவதில்லை. லாண்டவர் சூத்திரம் அந்தக் கடத்தல் விகிதங்களைக் கூட்டித்தான் விடை சொல்கிறது. அதனால் ஆயிரம் பதிவாவது சேர்த்து, 0 முதல் 5 படி வரை 0.05 அகலத்தில் அலைவெண் செவ்வகப் படம் வரையுங்கள். 1-க்கு அருகில் உயர்ந்த முகடும், 2-லும் 3-லும் தாழ்ந்து அகன்ற முகடுகளும் தெரியும். அழகான பதிவுகளை மட்டும் பொறுக்கினால் முகடு நீங்கள் உண்டாக்கியதாகிவிடும். ஒன்றையும் தள்ளாதீர்கள்.

ஸ்பின் இரண்டையும் பிரித்து 25,813 ஓம் அரைப்படியைப் பார்க்க, பக்கத்தில் காந்தம் வைத்துப் பயனில்லை. 10 டெஸ்லா புலம்கூட இரண்டு ஸ்பின்னையும் சுமார் 1.2 மில்லி எலக்ட்ரான்வோல்ட்தான் விலக்கும்; அறை வெப்பம் அதைப்போல் இருபது மடங்கு. நிக்கல் கம்பியில் அரைப்படி தெரிந்தாலும் அதை ஸ்பின் என்று எழுதிவிடாதீர்கள். நிக்கல் காற்றில் ஆக்சைடு பூசிக்கொள்ளும். அந்தப் படலமும் அதே இடத்தில் படி காட்டக்கூடும்.