மறியலில் உட்காரும் முன்: சேலத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை என்றால் காலிக் குடத்தோடு ரோட்டுக்கு வரத்தான் தோன்றும். கோபம் நியாயமானது. ஆனால் அதிகாரி வந்து, "எங்களுக்கு மனுவே வரவில்லையே" என்று சொன்னால், காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் முதலில் மனு கொடுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, ஒரே பக்கம். தண்ணீர், பட்டா, தெருவிளக்கு மூன்றையும் ஒன்றாக எழுதினால் மனு ஏதாவது ஒரு துறைக்குப் போகும், மற்ற இரண்டும் அதோடு தூங்கும். மனு எண்ணும் தேதியும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். பிறகு ஆர்ப்பாட்டம் நடத்தும்போது பேனரில் அந்த எண்ணையும் தேதியையும் பெரிதாகப் போடுங்கள். எத்தனை நாளாகப் பதில் இல்லை என்பதை அதுவே சொல்லிவிடும்.

நிலம் எடுக்கும் விவகாரத்தில் தேதிதான் உயிர். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். ஊரே தெருவில் நின்று கோஷம் போட்டாலும் அந்தக் கெடு நிற்காது. கறுப்புக்கொடி கட்டுகிற அன்றே ஆட்சேபணை மனுவையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்கும் கடிதம் தவறான இடத்துக்குப் போவதும் உண்டு. சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல்துறை. ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் பக்கம் என்றால் மாவட்டக் காவல்துறை. ஐந்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, மைக் உண்டா, பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றம் போக அந்தத் தாள் வேண்டும்.

மலைப்பாதையில் மறியல் மட்டும் வேண்டவே வேண்டாம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் நின்ற பேருந்தைத் திருப்ப இடமிருக்காது. பிரசவ வலியோடு சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கும் ஆம்புலன்ஸ் பின்னால் மாட்டிக்கொள்ளும். நம் மலைக்காரர்தான் அதில் படுத்திருப்பார். ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள்.

மனம் வெறுத்து மண்ணெண்ணெய் கேனோடு வருபவர்கள் உண்டு. உயிரும் போகலாம். பிழைத்தாலும், அதிகாரியை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயன்றதாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். கூட வந்தவரிடம் அப்படிப் பேச்சு தெரிந்தால் தனியே விடாதீர்கள், சுகாதார உதவி எண்ணான 104-க்கு அழையுங்கள்.

வெயில் காலத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பத்துப் பேருக்கு நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காரர்கள் மாலை மாத்திரையையும் கையோடு வைத்திருக்க வேண்டும். கைதாகி மண்டபத்தில் உட்கார்ந்தால் நேரமாகும்.

மாலையில் விட்டுவிட்டார்கள் என்பதால் வழக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கலாம். அது தெரியாமலே இருந்து, பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் வேலைக்கோ சரிபார்ப்பு வரும்போது பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். மண்டபத்தைவிட்டுக் கிளம்பும்போதே எந்தக் காவல் நிலையம், எந்தக் குற்ற எண் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.