தமிழாசிரியர் தாமே அமைக்கும் வினாத்தாளின் தரத்தைச் சோதிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளில் அலகுத் தேர்வுக்கு வினாத்தாள் அமைக்கும் தமிழாசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுத்தேர்வுத் தாளைப் பலர் பார்த்துத் திருத்துகிறார்கள். நாம் அமைக்கும் தாளையோ பெரும்பாலும் நாம் மட்டுமே பார்க்கிறோம். ஆயினும் ஒரு பிள்ளைக்கு மொழி வருகிறதா என்பதை ஆண்டு முழுவதும் அந்தத் தாளை வைத்தே முடிவு செய்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது ஏற்புடைமை, அதாவது நாம் அளக்க நினைக்கும் திறனைத்தான் வினா அளக்கிறதா என்பது. ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே அது எந்தத் திறனை அளக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராவிட்டால் அந்த வினாவை நீக்கிவிடலாம். படித்துப் புரிந்துகொள்ளும் திறனைச் சோதிப்பதற்குப் பாடநூலிலோ கைடிலோ இல்லாத பத்தி வேண்டும். நடத்திய பாடத்திலிருந்தே பத்தியை எடுத்தால் மனப்பாடத்தைத்தான் அளக்கிறோம்.

ஊர்ச் செய்தியைப் பத்தியாகத் தருவது நல்லதே, ஆனால் கவனம் தேவை. ஆத்தங்குடித் தரைக்கற்களைப் பற்றிய பத்தியில் 'இக்கல் எதன்மேல் வார்க்கப்படுகிறது?' என்று கேட்டால், பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை பத்தியைப் படிக்காமலேயே 'கண்ணாடி' என்று எழுதிவிடும். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளையோ அதே மதிப்பெண்ணுக்கு முழுப் பத்தியையும் படித்தாக வேண்டும். 'இரண்டாம் பத்தியில் வரும் "அந்த மெருகு" என்பது எதைச் சுட்டுகிறது?' என்று கேட்டால் இருவருமே படித்துத்தான் விடை காண முடியும். ஐயம் இருந்தால், இத்தேர்வை எழுதாத பிள்ளைகள் சிலரிடம் பத்தியைக் கொடுக்காமல் வினாக்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சரியாக எழுதிவிடும் வினாக்களை மாற்றிவிட வேண்டும்.

பலவுள் தெரிக வினாக்களுக்கான தவறான விடைகளை மாணவரின் கட்டுரை ஏடுகளிலிருந்தே எடுக்க வேண்டும். 'கொத்தனார் சுண்ணாம்பைக் குழைத்தார்' என்ற தொடரில் 'சுண்ணாம்பைக்' எவ்வேற்றுமை என்று கேட்கும்போது, நான்காம் வேற்றுமை என்பதை ஒரு விடையாக வைப்பது பயனுடையது. ஈற்றில் மிகுந்த 'க்' என்னும் ஒற்றெழுத்தைக் 'கு' உருபோடு குழப்பிக்கொள்ளும் மாணவர் யார் யார் என்பதை அது காட்டிக்கொடுக்கும். யாருமே தேர்ந்தெடுக்காத விடை இருந்தும் பயனில்லை.

நெடுவினாக்களைத் திருத்துமுன் கருத்து, அமைப்பு, பிழையின்மை ஆகியவற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்துத் திருத்துவதும், சில தாள்களை மதிப்பெண் காட்டாமல் இன்னோர் ஆசிரியரிடம் கொடுத்து ஒப்பிடுவதும் நம்பகத்தன்மையை, அதாவது யார் திருத்தினாலும் மதிப்பெண் பெரிதும் மாறாமல் இருப்பதை, கூட்டும்.

தேர்வு முடிந்தபின் செய்யும் பகுப்பாய்வைப் பலரும் விட்டுவிடுகிறோம். தாளின் உண்மையான தரம் தெரிவது அதில்தான். நாற்பது பேர் எழுதியிருந்தால், மொத்த மதிப்பெண் வரிசையில் மேல் 27 விழுக்காட்டினராகிய 11 பேரையும் கீழ் 11 பேரையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வினாவை மேல் குழுவில் 10 பேரும் கீழ்க் குழுவில் 4 பேரும் சரியாக எழுதியிருந்தால், வேறுபாடான 6ஐ 11ஆல் வகுக்க 0.55 வரும். இதுவே அவ்வினாவின் பிரித்தறியும் திறன், அதாவது நன்றாக எழுதுவோரையும் பின்தங்கியோரையும் அது எந்த அளவுக்கு வேறுபடுத்திக் காட்டுகிறது என்பது. 0.40க்கு மேல் மிக நன்று, 0.20க்குக் கீழ் இருந்தால் வினாவைத் திருத்தி எழுத வேண்டும். ஒரே வகுப்பின் எண்ணிக்கை சிறிது என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல் அறிகுறியாகக் கொள்க. கீழ்க் குழுவே அதிகம் சரியாக எழுதிய வினாவுக்கு முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால், நன்றாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளை அழைத்து, ஏன் வேறு விடையைக் குறித்தார்கள் என்று கேளுங்கள். வினாவில் இரண்டு பொருள் தொனிப்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.